பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம், பெரியவள் வழியாகத் தூதும் வேண்டாம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 34, ஊர் திண்டுக்கல் பக்கம். நூற்பாலையில் வேலை பார்த்த கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். பெண் பிள்ளைகள் இருவர், 13 வயதும் 9 வயதும். மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் மாமியார், கொழுந்தன் குடும்பத்தோடு இருக்கிறார். மாமனார் உயில் எழுதாமல், மகனுக்கு முன்பே காலமானவர். நாத்தனார் கிடையாது. "ஆண் வாரிசு இல்லாதவளுக்குப் பங்கு எதற்கு?" என்று கொழுந்தன் விடுதலைப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்கிறார். பிறந்த வீட்டு அண்ணன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறார். பெரியவளைத் தன் மகனுக்குத்தான் கட்டுவது என்றும் தீபாவளிக்கு வந்தபோது பேசியிருக்கிறார். இவர் மாலையில் தட்டச்சு வகுப்புக்குப் போகிறார். ஓரகத்திக்கு அது பிடிக்கவில்லை. பெரியவள் சில மாதங்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "இதில் எதை முதலில் சரிசெய்வது?" என்பது கேள்வி. கடைசியில், கூச்சத்தோடு கேட்டதுபோல, இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. 31 வயதில் கணவரை இழந்தேன். அவர் அரசு வேலையில் இருந்ததால் கருணை அடிப்படையில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை வட்டாட்சியர் அலுவலகங்களில்தான் இருந்தேன். வாரிசுச் சான்றுக்கு மனுவோடு வந்து நிற்கும் பெண்களை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். எனக்கும் இரண்டும் பெண்கள்தான்.

எதை முதலில் என்றால், திரும்பப் பெற முடியாததை முதலில். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்டவை இரண்டுதான் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, பதிவான பத்திரத்தில் நீங்கள் போடும் கையெழுத்து. மற்றொன்று, பெரியவளுடைய பதின்மூன்றாம் வயது. ஓரகத்தியின் பேச்சு, அண்ணனின் வருத்தம், ஊர் வாய் எல்லாம் நாளைக்கும் இருக்கும், அவை காத்திருக்கட்டும்.

காகிதத்திலிருந்து தொடங்குகிறேன், இரண்டில் அதுதான் சுலபம். வீட்டைப் பன்னிரண்டு பங்காக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் உயில் இல்லாமல் இறந்தபோது, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் சம பங்கு, ஆளுக்கு நான்கு. உங்கள் கணவர் இறந்தபோது அவருடைய நான்கு பங்கு அவருடைய தாய்க்கும், உங்களுக்கும், இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டது. ஆக மாமியாருக்கு ஐந்து, கொழுந்தனுக்கு நான்கு, உங்கள் மூவருக்கும் சேர்த்து மூன்று. கால் வீடு உங்களுடையது. யாரும் தானமாகக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் கண் மூடிய நிமிடத்திலேயே அது உங்களுக்கு வந்துவிட்டது. "ஆண் வாரிசு" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் எங்கும் இடமில்லை.

கொழுந்தன் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்றும் நான் நினைக்கவில்லை. பாதி உண்மையைக் கேட்டு வளர்ந்திருப்பார். 2005 வரை அந்தச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் பாகம் கேட்க முடியாது என்றது அது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. செய்தி ஊர்த் திண்ணைக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆகும்போல.

விடுதலைப் பத்திரம் என்பது பாகப்பிரிவினை இல்லை. "என் பாத்தியதையை விட்டுவிட்டேன்" என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. பதிவான பிறகு, ஏமாற்றினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பதற்குள் சின்னவளுக்குக் கல்யாண வயது வந்துவிடும். பிள்ளைகளின் பங்கோ வேறு விஷயம். மைனர் பெயரில் உள்ள பங்கை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ பெற்ற தாய்க்கே நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நடந்ததைப் பிள்ளைகள் 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம். இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கொழுந்தனிடம் "போட மாட்டேன்" என்று சொன்னால் சண்டை. "பிள்ளைகள் மைனர், கோர்ட்டு அனுமதி இல்லாமல் நான் போட்டாலும் பின்னால் உங்களுக்குத்தான் சிக்கல் என்கிறார்கள்" என்று சொன்னால் அது தகவல். பத்து முறை கேட்டாலும் இதே ஒரு வாக்கியத்தை, இதே குரலில் சொல்லுங்கள். பதினோராவது முறை கேட்க அவருக்கே அலுத்துவிடும்.

இடையில் மூன்று காகிதங்களைச் சேர்த்துவையுங்கள். மாமனாருக்கும் கணவருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று, வீட்டுக்கு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல். மூலப் பத்திரம் கொழுந்தன் பீரோவில் இருந்தால் கவலைப்படாதீர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். வழக்கு என்று வந்துவிட்டால் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100. வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னால் போகாதீர்கள். கணவர் இல்லாவிட்டாலும் புகுந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உங்களுக்கு உண்டு. 2022-இல் ஒரு கைம்பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்திருக்கிறது. ஆனாலும் இதையெல்லாம் வீட்டில் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். தெரிந்துவைத்துக்கொண்டு, தெரியாததுபோல் சாம்பாருக்குப் புளி கரையுங்கள்.

இன்னொன்று. மில்லில் பி.எஃப். பணம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். ஓய்வூதியம் பற்றி ஒரு வரியும் இல்லை; கேட்கவே இல்லையோ என்று சந்தேகப்படுகிறேன். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாதாந்தர ஓய்வூதியம் உண்டு, குறைந்தது 1,000 ரூபாய். அதற்கு மேல் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அதில் கால்வாசி, 25 வயதுவரை. படிவம் 10-டி. அதே பி.எஃப். கணக்கோடு ஒட்டிய காப்பீடு ஒன்றும் உண்டு, அதிகபட்சம் 7 லட்சம் வரை, படிவம் 5-ஐ.எஃப். தொழிலாளி கட்டணம் எதுவும் கட்டாததால் அப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. இரண்டு ஆண்டு ஆகிவிட்டதே என்று விட்டுவிடாமல் மில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். இன்றைக்கே என்றாலும் எனக்குச் சம்மதம்.

இனி மாமியார். மேலே சொன்ன கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? வீட்டில் பெரிய பங்கு கொழுந்தனுடையது இல்லை, மாமியாருடையது. அந்த ஐந்து பங்கை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். உங்கள் கடிதம் முழுக்க அவர் "கொழுந்தன் பக்கம்" என்று ஒரே வார்த்தையில் போய்விடுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரும் மகனைப் பறிகொடுத்தவர் என்பது எங்கேயும் இல்லை. பங்குக்காக அவரிடம் நைச்சியம் செய்யுங்கள் என்று சொல்லவில்லை, வயதானவர்களுக்கு அது உடனே வாடை அடித்துவிடும். ஆனால் அந்த வீட்டில் உங்கள் கணவரைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

என் மாமியாரோடு எனக்குப் பத்து ஆண்டு பனிப்போர். பெரியவள் பூப்பெய்தியபோது வீட்டிலேயே சின்னதாகத் தண்ணீர் ஊற்றினோம். மனையில் அவளை உட்கார்த்தி, மஞ்சள் கரைத்த அண்டாவைப் பக்கத்தில் வைத்ததும், "நீ கொஞ்சம் உள்ளே இரு" என்றார் மாமியார், என்னைப் பார்க்காமலேயே. சுமங்கலிகள் ஐந்து பேர் ஊற்றினார்கள். நான் அடுக்களை வாசற்படியில் நின்று என் மகளின் ஈர முதுகை மட்டும் பார்த்தேன். அவரும் கைம்பெண்தான், அவரும் எனக்குப் பின்னால் அடுக்களைக்குள்தான் நின்றார். அது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. ஐந்து ஆண்டு கழித்துச் சின்னவளுக்கு நேரம் வந்தது. நான் பழக்கமாக அடுக்களைக்குள் போய்விட்டேன். மாமியார் செம்போடு வந்தார். "தண்ணி ஆறிப்போகுது, அங்கே என்ன பண்ணுறே?" என்று அதட்டிவிட்டு அதை என் கையில் திணித்தார். மன்னிப்பு, விளக்கம், கண்ணீர் எதுவும் கிடையாது. கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் செம்பை நான்தான் ஊற்றினேன்.

இடைப்பட்ட ஐந்து ஆண்டில் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சம்பள நாளில் அவருக்கு மூட்டுவலித் தைலமும் வெற்றிலையும் வாங்கி வருவேன், அவ்வளவுதான். ஒரு முறை, கணவர் சிறு வயதில் காவிரியில் முழுகப்போன கதையைக் கேட்டேன். அன்று இரவு பதினொரு மணிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் பிள்ளைகளும் அப்பாவின் கதைகளை அவரிடம் கேட்கட்டும். பாட்டியைப் பற்றி உங்களுக்கு இருக்கும் கோபம் உங்களோடு இருக்கட்டும்.

இங்கேதான் பெரியவள் வருகிறாள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பத்தியில் அண்ணன் தீபாவளிக்கு வந்தார், பெரியவளைத் தன் மகனுக்குக் கேட்டார் என்கிறீர்கள். நான்காவது பத்தியில் "கார்த்திகைக்குப் பிறகுதான் இவள் இப்படி ஆனாள், காரணம் தெரியவில்லை" என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் அதிக நாள் இல்லை. அவள் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். சின்ன வீட்டில் பெரியவர்கள் பேசுவது சுவருக்கே கேட்கும். அண்ணனுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? "பார்க்கலாம் அண்ணா" என்று மழுப்பியிருப்பீர்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் எட்டாம் வகுப்புப் பெண்ணின் காதில் அது "சரி" என்றுதான் விழும். அப்பா இல்லை, சித்தப்பா போகச் சொல்கிறார், மாமா வீட்டுக்குப் போனால் அதற்கு விலை தான்தான் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டால் உங்களோடு எப்படி முகம் கொடுத்துப் பேசுவாள்?

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்கச் செலவில்லை. அவளை எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். தலை பின்னிவிடும்போதோ, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ, உங்கள் முகத்தை அவள் பார்க்க வேண்டாத நேரத்தில் சொல்லுங்கள்: "மாமா சொன்னதற்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். நீ படி. உனக்கு யாரைப் பிடிக்கிறது, எப்போது என்பதெல்லாம் உனக்கு வயது வந்த பிறகு." பதிலை எதிர்பார்க்காதீர்கள். அன்று ஒன்றும் சொல்ல மாட்டாள். நாலு நாள் கழித்துச் சம்பந்தமில்லாமல் வேறு ஏதாவது கேட்பாள், அதுதான் பதில்.

அடுத்தது இதைவிடச் சங்கடமானது. "இவள்தான் எனக்கு எல்லாம், பாட்டியிடமும் சித்தப்பாவிடமும் இவளை விட்டுத்தான் பேசச் சொல்வேன், சின்னவளையும் இவள்தான் பார்த்துக்கொள்கிறாள்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நானும் இப்படித்தான் பெருமைப்பட்டேன். மாமியாரோடு பேச்சு இல்லாத நாள்களில் "பாட்டியிடம் போய்ச் சொல், கேஸ் தீர்ந்துவிட்டது என்று", "பாட்டியிடம் கேள், சாவி எங்கே என்று" என பெரியவளைத்தான் அனுப்புவேன். மறு பக்கத்திலிருந்தும் பதில் அவள் வாய் வழியாகத்தான் வரும். நடுவில் அவள் சில வார்த்தைகளை நீக்கியும் சிலவற்றை மாற்றியும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இருபத்து நான்கு வயதில் ஒரு சண்டையில் சொன்னாள்: "அந்த வீட்டில் நான் பிள்ளையாக இருந்ததில்லை அம்மா, தபால்காரியாக இருந்தேன்."

அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் பென்சில் சீவுகத்தியைத் தேடி அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். கோணமானிக்கு அடியில், நாலாக எட்டாக மடித்த ஒரு தாள். மைசூர் சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொல்லிப் பள்ளியில் கொடுத்த அறிவிப்பு. கடைசித் தேதி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. என்னிடம் அவள் காட்டவே இல்லை. எவ்வளவு பணம் என்று பார்த்தேன். என்னால் கட்டியிருக்க முடியும். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பொறுப்பான பிள்ளை என்று ஊரே மெச்சியபோது, அவள் தனக்கு எது எது வேண்டாம் என்பதைத் தானே தீர்மானித்து மடித்துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே தூதை இன்றோடு நிறுத்துங்கள். மாமியாரிடம் சொல்ல வேண்டியதை, குரல் நடுங்கினாலும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். பத்திர விவகாரத்தை அவள் முன்னால் பேசாதீர்கள். கேட்டால் மறைக்கவும் வேண்டாம். "வீட்டில் நமக்குப் பங்கு இருக்கிறது, அம்மா பார்த்துக்கொள்கிறேன்" என்ற அளவு போதும். மாதக் கடைசியில் பணம் இல்லை என்று அவளிடம் புலம்பாதீர்கள். புலம்ப ஆள் வேண்டும்தான். அதற்கு வயது வந்த ஒருத்தியைத் தேடிக்கொள்ளுங்கள். தட்டச்சு வகுப்பில் கிடைப்பாள்.

அண்ணன் விஷயத்தில் என் கருத்து சிலருக்குக் கசக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போய்விட்டால் கால் வீட்டுக்காரியான நீங்கள் மறுநாளே விருந்தாளி. அது தவிர, அங்கே தனியார் ஆங்கிலப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறாராம். இப்போது பெரியவள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. நடுவில் ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் ஒதுக்கீடு கை நழுவிவிடும். அண்ணனிடம் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள். அவருடைய அன்பை மறுத்ததாகவும் இருக்காது, மருமகள் பேச்சு தானாகவே தள்ளிப்போகும். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். தாய்மாமன் உறவு வேண்டும்தான். அவர் கூரைக்குக் கீழேதான் அது இருக்க வேண்டும் என்றில்லை.

தட்டச்சு வகுப்பை விடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே உயிர் இருந்த வரி, "கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும்போது ஒரு மணி நேரம் எதுவும் ஞாபகம் வருவதில்லை" என்பதுதான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வு நடக்கும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேர்வு பெற வேண்டும், அதில் ஒன்றாவது முதுநிலையாக இருக்க வேண்டும். அப்போதுதான் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பதவிக்குப் போட்டியிட முடியும். அந்தத் தேர்வில் ஆதரவற்ற விதவைகளுக்குத் தனி ஒதுக்கீடும் வயது வரம்பில் தளர்வும் உண்டு. அதற்கான சான்றைக் கோட்டாட்சியர் தருவார், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சான்றின் பெயரைப் படிக்க எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். பெயருக்காக உரிமையை விட வேண்டாம்.

ஓரகத்தி "சாயங்காலம் எங்கே போய்விட்டு வருகிறாள்?" என்று கேட்பதற்கு மருந்து, ஒரு நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போவதுதான். கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவருக்கும் போக இடமில்லை. நான் தட்டச்சு படித்தபோது என் ஓரகத்தி மூன்றாம் மாதம் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, முதல் பாடமான "ஏ எஸ் டி எஃப்" அடித்துக்கொண்டிருந்தாள். அவள் தேர்வு எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.

கடைசியாக அந்தச் சின்னக் கேள்வி: பொட்டு வைத்துக்கொள்வதும் பூ வைத்துக்கொள்வதும் தவறா? பிள்ளைகள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், மாமியார் முகம் சுளிப்பாரோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். பூ, பொட்டு இரண்டும் உங்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்தே வந்தவை, தாலியோடு வந்தவை இல்லை. நான் மூன்றாம் ஆண்டு பொட்டிலிருந்து தொடங்கினேன், சின்னதாக, மெரூன் நிறத்தில். பூவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆனது. முதல் நாள் மாமியார் சுளித்தார்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பூக்காரி வாசலில் நின்று எத்தனை முழம் என்று கேட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். "மூணு பேருக்கும் சேர்த்துக் கொடு" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.